நரம்பு நோயும் ஒரு நிரபராதி வைரஸும்

சுஜாதாவின் கணேஷ் - வசந்த் கதைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பிணத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவன்தான் கொலைகாரன் என்று முதல் அத்தியாயத்திலேயே எல்லாரும் அடித்துச் சொன்னால், அவன் கண்டிப்பாகக் கொலைகாரன் இல்லை. (தொடர்கதை இன்னும் இருபது வாரம் ஓட வேண்டாமா?)

இன்றைக்குச் சொல்லப் போவதும் அப்படி ஒரு கேஸ்தான். பாதிக்கப்பட்டது ஒரு கீரை. சந்தேக வளையத்துக்குள் வந்தவர்கள் மூன்று பேர். வழக்கு 1934ல் ஆரம்பித்து 2002ல்தான் ஒரு முடிவுக்கு வந்தது. 68 வருஷம்! நம்ம ஊர் பாகப்பிரிவினை கேஸை விடக் கொஞ்சம்தான் அதிகம் :-)

கீரை என்றால் அரைக்கீரை, முளைக்கீரை இல்லை. லெட்டூஸ். பர்கர் வாங்கினால் நடுவில் மொறுமொறுவென்று ஒரு பச்சை இலை எட்டிப் பார்க்குமே, அதேதான். நம்மில் பாதிப்பேர் அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடுகிற ஆட்கள். ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது பெரிய பணப்பயிர். கலிபோர்னியாவின் சாலினாஸ் பள்ளத்தாக்கு இதற்கே பேர் போனது. முட்டைக்கோஸ் மாதிரி உருண்டு திரண்டு வருகிற ரகம் ஒன்று உண்டு. அது உருண்டால்தான் பெட்டியில் அடுக்கி விற்க முடியும். உருளவில்லை என்றால் தண்ணீர், உரம், கூலி எல்லாம் போட்ட விவசாயிக்குக் கையில் ஒன்றும் மிஞ்சாது.

1934ல் ஜாக்கர், சாண்ட்லர் என்கிற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கலிபோர்னியாவில் லெட்டூஸுக்கு வருகிற ஒரு புது நோயை விவரித்து எழுதினார்கள். இலை நரம்புகள் எல்லாம் தடித்துப் புடைத்த மாதிரி தெரியும். இலை விறைத்து நிமிர்ந்து, ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்து நிற்கும். செடி சாகாது. ஆனால் உருண்டை கட்ட நாளாகும், கட்டினாலும் சின்னதாக இருக்கும், சில செடிகள் கட்டவே கட்டாது. கண்ணால் பார்த்ததை வைத்து 'பிக் வெயின்' என்று பேர் வைத்தார்கள். நாம் பெருநரம்பு நோய் என்று வைத்துக்கொள்வோம்.

இங்கேயே முதல் வேடிக்கை. நரம்பு உண்மையில் பெருக்கவே இல்லை! நரம்பை ஒட்டி இரண்டு பக்கமும் இருக்கிற இடத்தில் பச்சையம் போய் வெளுத்துவிடுகிறது. அந்த வெளுத்த பட்டையும் நரம்பும் சேர்ந்து, பார்க்கிறவன் கண்ணுக்கு ஒரே தடித்த நரம்பாகத் தெரிகிறது. ஆக, நோயின் பேரே ஒரு தோற்றப்பிழை. இதை மனசில் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் பேர் வைத்தவர்கள் பட்ட பாடு இன்னும் நிறைய வரும்.

நோய் மண்ணிலிருந்து வருகிறது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. நோய் கண்ட வயலின் மண்ணில் நல்ல நாற்றை நட்டால் அதுவும் நோயில் விழுந்தது. மண்ணில் இருக்கிற எது அது? அதற்குப் பதில் கிடைக்க இருபத்து நாலு வருஷம் ஆனது.

1958ல் கலிபோர்னியாவில் ரேமண்ட் கிரோகன் குழுவும், நியூஸிலாந்தில் ஃப்ரை என்பவரும் தனித்தனியாக ஒரே ஆசாமியைப் பிடித்தார்கள். பேர் ஒல்பிடியம். வேர் செல்லுக்குள் குடியிருக்கிற ஒரு நுண்ணிய பூஞ்சை. ரொட்டியில் பூக்கிற பூஞ்சணம் மாதிரி நூல் நூலாகப் படராது. மண் ஈரமாக இருந்தால் இதன் வித்துகள் ஒற்றை வாலை ஆட்டிக்கொண்டு நீந்திப் போய் அடுத்த வேரில் ஒட்டிக்கொள்ளும். பெருநரம்பு நோய் வந்த செடியின் வேரைப் பார்த்தால் இது இருந்தது. சரி, பிடிச்சாச்சு, கேஸ் முடிஞ்சுது என்று நினைத்தவர்களும் உண்டு. பூஞ்சைதான் ஏதோ விஷத்தைச் சுரந்து இலையை இப்படி ஆக்குகிறது என்று ஒரு யோசனையும் இருந்தது.

அதை உடைத்த சோதனை ரொம்ப எளிமையானது, அதனாலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது. நம்ம ஊர் மாமரத்துக்குச் செய்கிற ஒட்டு! 1961ல் ராபர்ட் கேம்ப்பெல், கிரோகன், பர்சிஃபுல் மூன்று பேரும் நோயுற்ற லெட்டூஸின் தண்டை நல்ல செடியோடு ஒட்டுக் கட்டினார்கள். நல்ல செடிக்கும் நோய் வந்தது. யோசித்துப் பாருங்கள். ஒல்பிடியம் வேரில்தான் இருக்கும், தண்டுக்கு ஏறாது. அப்படியென்றால் ஒட்டு வழியாகக் கடந்து போனது எது? பூஞ்சை இல்லாத ஏதோ ஒன்று. வைரஸாகத்தான் இருக்க வேண்டும். பூஞ்சை வெறும் ஆட்டோக்காரர். சவாரி வேற ஆள்.

ஆட்டோக்காரர் சாதாரணப்பட்டவரும் இல்லை. இந்தப் பூஞ்சை தடித்த தோலோடு உறக்க வித்துகளை உண்டாக்கி மண்ணில் விட்டுவிட்டுப் போகும். காய்ந்த மண்ணில் சுமார் இருபது வருஷம் கழித்தும் அந்த வித்துகள் முளைத்து நோயைக் கொடுத்ததை கேம்ப்பெல் பிற்பாடு காட்டினார். வைரஸ் அத்தனை வருஷமும் அந்த வித்துக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. ஒரு தடவை வயலுக்குள் வந்துவிட்டால் அப்பா காலத்து நோய் பையன் காலத்திலும் இருக்கும் என்று அர்த்தம்.

ஆனால் அந்த வைரஸை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் பேரும் முகமும் இல்லாத ஒரு நபர்.

1983ல் ஜப்பானில் குவாட்டா குழு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் முகத்தைப் பார்த்தது. நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு இருக்கும், குச்சி குச்சியான துகள்கள். நோய் உள்ள செடியில் இருந்தன. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே 'அநேகமாக' என்று பொருள்படும் ஒரு சொல்லைப் போட்டு அடக்கமாகத்தான் எழுதியிருந்தார்கள். இந்த மாதிரி சொற்களுக்கு ஆயுசு கம்மி. ஒருத்தர் மேற்கோள் காட்டும்போது அது இருக்கும், அடுத்தவர் அவரை மேற்கோள் காட்டும்போது உதிர்ந்துவிடும். குச்சி வைரஸுக்கு 'லெட்டூஸ் பெருநரம்பு வைரஸ்' என்ற பேர் நிலைத்தது. அதற்கென்று ஒரு பேரினமும் உண்டாக்கி 'வெரிகோசாவைரஸ்' என்று பேர் வைத்தார்கள். காலில் நரம்பு சுருண்டு புடைக்குமே வெரிகோஸ் வெயின், அதே வெரிகோஸ்தான். பாடநூலில் ஏறியாச்சு. அப்புறம் யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்த நெறி: ஒரு கிருமி நோயாளியின் உடம்பில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அதைத் தனியாகப் பிரித்தெடு. நல்ல உடம்பில் விடு. அதே நோய் வருகிறதா பார். திரும்பவும் அந்தக் கிருமியை எடுத்துக் காட்டு. அப்போதுதான் குற்றம் நிரூபணம். இந்தக் கேஸில் முதல் படி நடந்தது. மற்ற படிகளில் தடுமாற்றம். வைரஸை உயிருள்ள செல்லுக்கு வெளியே வளர்க்க முடியாது. அதைச் சுமக்கிற பூஞ்சையையும் உயிருள்ள வேருக்கு வெளியே வளர்க்க முடியாது. வயலில் இருந்து எடுத்த பூஞ்சையில் எத்தனை பேர் சவாரி செய்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இரண்டு பேர் சவாரி செய்துகொண்டிருந்தார்கள்!

2000ல் இத்தாலியின் டூரின் நகரத்தில் பியெரோ ரொஜெரோ, ராபர்ட் மில்ன் முதலானவர்கள் நரம்பு நோய் கண்ட லெட்டூஸில் இருந்து இன்னொரு வைரஸைப் பிரித்தார்கள். இது குச்சி இல்லை. நூல். அதுவும் மூன்றே நானோமீட்டர் தடிமனில், நெளிந்து சுருண்டு கிடக்கிற நூல். பக்கத்தில் குச்சிகள் கும்பலாகக் கிடக்கும்போது இதைக் கவனிக்காமல் போவதில் ஆச்சரியமே இல்லை. இந்தச் சாதி வைரஸ்களுக்கு 'ஓஃபியோவைரஸ்' என்று பேர். கிரேக்க மொழியில் ஓஃபிஸ் என்றால் பாம்பு. ஆரஞ்சு, சாத்துக்குடி மரங்களில் பட்டையை உரியவைக்கிற சொரோசிஸ் வைரஸும் இதே சாதி. லெட்டூஸில் கண்டதற்கு 'மிராஃபியோரி லெட்டூஸ் வைரஸ்' என்று பேர் வைத்தார்கள். மிராஃபியோரி என்பது டூரினில் ஒரு பகுதி. கார்ப் பிரியர்களுக்கு ஃபியட் தொழிற்சாலை இருக்கிற இடம் என்றால் புரியும்.

இப்போது இரண்டு சந்தேக நபர்கள், ஒரே ஆட்டோ. யார் செய்தது? இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து செய்ததா?

2002ல் விடை வந்தது. பிரான்ஸில் எர்வே லோ என்பவர் தலைமையில் சோதனை. வைரஸ் எதுவும் இல்லாத சுத்தமான ஒல்பிடியத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வைரஸையும் தனித்தனியாக அதில் ஏற்றி லெட்டூஸுக்கு அனுப்பினார்கள். நூல் வைரஸ் மட்டும் போன செடியில் பெருநரம்பு நோய் வந்தது. குச்சி வைரஸ் மட்டும் போன செடி? ஒன்றுமே ஆகவில்லை. பச்சைப் பசேலென்று நின்றது.

பத்தொன்பது வருஷமாகக் குற்றவாளிக் கூண்டில் நின்ற குச்சி வைரஸ், வெறுமனே கூட வந்த பயணி!

அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் பேரைப் பார்த்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ராபர்ட் கேம்ப்பெல். 1961ல் ஒட்டுக் கட்டிப் பார்த்தாரே, அதே கேம்ப்பெல். நாற்பத்தொரு வருஷம் கழித்து விடையிலும் அவர் பேர் இருக்கிறது. ஒரே கீரையின் ஒரே நோய்க்கு ஒரு மனுஷன் ஆயுளைக் கொடுத்திருக்கிறார். நாம் ஒரு மாசம் ஒரு புத்தகத்தை முடிக்கவே தண்ணி குடிக்கிறோம்.

இந்த இடத்தில்தான் மரபணு உள்ளே வருகிறது. 2002லேயே நெதர்லாந்தின் வாகனிங்கனில் வான் டெர் வில்க் குழு நூல் வைரஸின் மரபணுவை முழுக்கப் படித்தது. நாலு துண்டு ஆர்.என்.ஏ. அதே சமயம் ஜப்பானில் சசாயா குழு குச்சி வைரஸைப் படித்தது. அதற்கு இரண்டு துண்டு. அதுவரை குச்சி வைரஸின் மரபணு இரட்டை இழை என்றுதான் புத்தகங்களில் இருந்தது. படித்துப் பார்த்தால் ஒற்றை இழை, அதுவும் எதிர்மறை இழை. அதாவது கண்ணாடியில் தெரிகிற எழுத்து மாதிரி. செல்லால் அதை நேராகப் படிக்க முடியாது. முதலில் திருப்பி எழுத வேண்டும். திருப்பி எழுதுகிற நொதியை வைரஸே கையோடு கொண்டுவர வேண்டும்.

அந்த நொதிக்கான மரபணுவை மற்ற வைரஸ்களோடு ஒப்பிட்டபோது சொந்தக்காரர்கள் யார் என்று தெரிந்தது. யார் தெரியுமா? ராப்டோ வைரஸ் குடும்பம். வெறிநாய்க்கடி நோயைக் கொடுக்கிற ரேபிஸ் வைரஸின் குடும்பம்! இன்றைய வகைப்பாட்டில் லெட்டூஸின் குச்சி வைரஸை அந்தக் குடும்பத்திலேயே சேர்த்துவிட்டார்கள். (பயப்படாதீங்க, சாலட் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. பங்காளி என்பதற்காக எல்லாரும் கடிப்பார்களா என்ன?) நுண்ணோக்கியில் பார்த்தால் வெறும் குச்சி. எழுத்தைப் படித்தால்தான் குலம் கோத்திரம் தெரிகிறது.

எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகு நோயைத் தேடுவதும் சுலபமாயிற்று. இலையில் இருந்து ஆர்.என்.ஏவை எடுத்து, டி.என்.ஏவாகத் திருப்பி எழுதி, பி.சி.ஆரில் போடுவார்கள். கொரோனா காலத்தில் நம் எல்லார் மூக்கிலும் குச்சியை விட்டுச் செய்தார்களே, அதே சோதனை. தேடுகிற வைரஸுக்கு மட்டும் பொருந்துகிற சுமார் இருபது எழுத்துத் துணுக்குகள் இரண்டைக் கொடுத்தால் அவற்றுக்கு நடுவில் உள்ள பகுதி ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும். முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். எள்ளுக்குள் எறும்பு ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடும்.

பூஞ்சையும் தப்பவில்லை. பல வருஷமாக அதை 'ஒல்பிடியம் பிராசிக்கே' என்று சொல்லி வந்தார்கள். பிராசிக்கா என்றால் முட்டைக்கோஸ், கடுகு வகையறா. 2006ல் ஜப்பானில் மரபணுவைப் பார்த்தபோது லெட்டூஸுக்கு வைரஸைச் சுமப்பது அதுவே இல்லை, 'ஒல்பிடியம் வைருலென்டஸ்' என்ற வேறு இனம் என்று தெரிந்தது. ஆட்டோக்காரர் பேரும் தப்பு!

பேர்களைத் திருத்தினார்கள். நூல் வைரஸ் 'மிராஃபியோரி லெட்டூஸ் பெருநரம்பு வைரஸ்' ஆனது. குச்சி வைரஸின் பேரில் 'தொடர்புடைய' என்று ஒரு சொல்லைச் செருகி, 'லெட்டூஸ் பெருநரம்போடு தொடர்புடைய வைரஸ்' ஆக்கினார்கள். ஆனால் பேரினத்தின் பேர் இன்றைக்கும் வெரிகோசாவைரஸ்தான். நரம்பைப் புடைக்க வைக்காத வைரஸுக்கு, உண்மையில் புடைக்கவே செய்யாத நரம்பின் பேர். விடுதலை ஆனவன் பேர் போலீஸ் ஸ்டேஷன் போர்டில் அப்படியே இருக்கிற மாதிரி.

யார் குற்றவாளி என்று தெரிந்து விவசாயிக்கு என்ன ஆகப் போகிறது என்று கேட்கலாம். நிறைய ஆகும். லெட்டூஸுக்கு தேமல் நோய் என்று இன்னொன்று உண்டு. அதன் வைரஸ் விதை வழியாக வரும், அசுவினிப் பூச்சி வழியாகப் பரவும். இது தெளிவாகத் தெரிந்த பிறகு, முப்பதாயிரம் விதையைச் சோதித்தால் ஒன்றில்கூட வைரஸ் இருக்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் கறாராக விதி வைத்தார்கள். தேமல் கட்டுக்குள் வந்தது. அந்த வேலைக்கு அடிப்படை போட்டவரும் நம்ம கிரோகன்தான். பெருநரம்பு நோய்க்கு விதைச் சோதனை செய்து பிரயோஜனமே இல்லை, அது விதையில் வராது. மண்ணுக்கு ரசாயனப் புகை போட்டால் செலவு எகிறும், பூஞ்சையும் திரும்பி வந்துவிடும். மிச்சம் இருக்கிற நல்ல வழி, எதிர்ப்புச் சக்தி உள்ள ரகம். காட்டு லெட்டூஸ் ஒன்றில் அந்தச் சக்தி இருக்கிறது. அதைப் பயிருக்குக் கொண்டுவர முயலும்போது குச்சி வைரஸ் இல்லாத செடியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? நிரபராதியை ஊர்விலக்கம் செய்துவிட்டுக் குற்றவாளிக்கு வாசலைத் திறந்துவைத்த கதை.

எல்லாம் முடிந்தது என்றும் சொல்ல முடியாது. 2003ல் இத்தாலி, பிரான்ஸ் வயல்களில் செடி செடியாகச் சோதித்துப் பார்த்ததை வெளியிட்டார்கள். நூல் வைரஸ் இருந்தும் நோய்க்குறியே தெரியாத செடிகள் இருந்தன. குளிர்ந்த வானிலையில் நரம்பு நன்றாக வெளுக்கும், வெப்பம் ஏறினால் அடங்கிப் போகும். அதாவது குற்றவாளியே ஆனாலும் அவன் வீட்டில் இருந்த நாளெல்லாம் கொலை நடப்பதில்லை.

இதே மாதிரி ஒரு விசாரணை நம்ம மதுரையிலும் நடந்திருக்கிறது. வெண்டைச் செடியில் இலை நரம்பு மஞ்சளாகப் போய்விடும், காயும் வெளுத்துவிடும். மஞ்சள் நரம்புத் தேமல் என்பார்கள். வெள்ளை ஈ பரப்புவது. வைரஸும் ஏற்கெனவே கைவசம் இருந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஜாய்ஸ் ஜோஸ், உஷா இருவரும் அந்த வைரஸின் டி.என்.ஏவை மட்டும் செடிக்குள் விட்டுப் பார்த்தார்கள். இலை லேசாகச் சுருண்டதே தவிர நரம்பு மஞ்சள் ஆகவில்லை. வைரஸோடு ஒட்டிக்கொண்டு திரிகிற குட்டி டி.என்.ஏ துண்டு ஒன்றையும் சேர்த்து விட்டபோதுதான் உண்மையான நோய் வந்தது. 2003ல் வெளியிட்டார்கள். பிரான்ஸில் கேட்ட அதே கேள்வியை அதே காலகட்டத்தில் மதுரையிலும் கேட்டிருக்கிறார்கள்: இருக்கிறது சரி, இதுதான் செய்ததா?

இன்றைக்கு இந்தக் கேள்வி இன்னும் முக்கியமாகிவிட்டது. முன்பெல்லாம் பி.சி.ஆரில் எதைத் தேடினோமோ அது மட்டும்தான் கிடைக்கும். இப்போது ஒரு இலையில் இருக்கிற மொத்த ஆர்.என்.ஏவையும் கோடிக்கணக்கான துணுக்குகளாக இயந்திரம் படித்துத் தள்ளிவிடுகிறது. யாரும் கேள்விப்படாத வைரஸ்களெல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன, நோயே இல்லாத செடியிலும். பட்டியல் போடுவது ஒரு வாரத்து வேலை ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பட்டியலில் யார் உண்மையில் தீங்கு செய்கிறவர் என்று கண்டுபிடிக்க இன்றைக்கும் சுத்தமான பூஞ்சையும், நல்ல நாற்றும், மாசக்கணக்கில் காத்திருக்கிற பொறுமையும் வேண்டும். வாசிப்பது வேகமாயிற்று, நிரூபிப்பது ஆகவில்லை.

விவசாயம் செய்கிற, அல்லது ஊரில் நிலம் இருக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பக்கத்தில் வெண்டை, மிளகாய், கீரை வகைகளில் நரம்பு வெளுக்கிற, இலை சுருளுகிற நோய்களுக்கு என்ன பேர் சொல்கிறார்கள், எதனால் வருகிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். பேர் எப்படி வந்தது என்று தெரிந்தால் அதையும். பேரை நம்பி மோசம் போகக் கூடாது என்று இவ்வளவு நேரம் சொன்னவன்தான், இருந்தாலும் பேர்களைச் சேர்த்து வைப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது.